பொருத்துநர் ஆண்பாற்சொல் அல்ல

தமிழில் ‘கடைதல்’ என்ற ஒரே வினை இரண்டு வேலைகளைச் சுட்டுகிறது. தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுக்கிறோம். மரத்தையும் இரும்பையும் கடைந்து உருளையாக்குகிறோம். முன்னதற்கு மத்து, பின்னதற்குக் கடைசல் பட்டறை. முதல் வேலையைப் பெண் வீட்டுக்குள் கூலியின்றிச் செய்தாள். இரண்டாவது வேலைக்குப் பயிற்சியும் சான்றிதழும் சம்பளமும் வந்து சேர்ந்தபோது அது ஆணின் வேலை என்று ஆகியிருந்தது.

தொழிற்பயிற்சி நிலையங்களில், அதாவது நாம் ஐ.டி.ஐ. என்று சொல்லிப் பழகிய இடங்களில், கற்றுத்தரப்படும் இயந்திரத் தொழில்களுக்குத் தமிழ்ப் பெயர்கள் உண்டு. ஃபிட்டர் பொருத்துநர், டர்னர் கடைசலர், வெல்டர் பற்றவைப்பவர். இந்தப் பெயர்கள் எதிலும் ஆண்பால் விகுதி இல்லை. ‘நர்’ என்று முடியும் சொல் ஆசிரியையையும் குறிக்கும், நடிகையையும் குறிக்கும். பயிற்றுநர், இயக்குநர் என்று தயங்காமல் பெண்களைச் சொல்கிறோம். பொருத்துநர் என்றவுடன் மட்டும் நம் மனக்கண்ணில் நீலச்சட்டை போட்ட ஓர் ஆண் வந்து நிற்கிறார். இலக்கணம் தடுக்காத பெண்ணை எது தடுத்தது? இந்தக் கேள்விக்கான விடை பயிற்சியின் வரலாற்றில் இருக்கிறது.

உலைக்களத்திலிருந்து வகுப்பறைக்கு

இரும்பு வேலை பெண்ணுக்குப் புதியதல்ல. ஊர்க் கொல்லன் உலையில் துருத்தி ஊதியவர்களும், பழுக்கக் காய்ந்த இரும்பின்மேல் சம்மட்டி போட்டவர்களும் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்கள்தாம். உலையின் சூட்டையும் இரும்பின் நிறம் மாறும் பதத்தையும் அவர்கள் அறிவார்கள். ஆனால் தொழில் என்பது தகப்பனிடமிருந்து மகனுக்குப் போனது. மகன் செய்தது தொழில், மகள் செய்தது ஒத்தாசை. கட்டட வேலையில் இன்றும் இதே கணக்குத்தான். சித்தாளாக வரும் பையன் சில ஆண்டுகளில் கரண்டி பிடித்துக் கொத்தனாராகிறான். சித்தாளாக வரும் பெண் முப்பது ஆண்டுகள் கல்லும் கலவையும் சுமந்து சித்தாளாகவே ஓய்கிறாள். பக்கத்தில் நின்று பார்ப்பதெல்லாம் பயிற்சி ஆகிவிடாது. கருவியைக் கையில் கொடுத்து, தவறு செய்ய விட்டு, திருத்தித் தருவதுதான் பயிற்சி. அந்தக் கருவி அவள் கைக்கு வரவில்லை.

ஐ.டி.ஐ. செய்த பெரிய காரியம் சாதிக்குள் பூட்டியிருந்த தொழிலைத் திறந்தது. எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ முடித்த எந்தச் சாதிப் பையனும் விண்ணப்பிக்கலாம். இட ஒதுக்கீடும் சேர்ந்தபோது நிலமற்ற கூலிக் குடும்பத்துப் பிள்ளைகள் அரம் பிடித்து, லேத் ஓட்டிக் கற்று, ரயில்வேக்கும் மின்வாரியத்துக்கும் பொதுத்துறை ஆலைகளுக்கும் போனார்கள். ஒரு தலைமுறையின் வாழ்வை மாற்றிய சான்றிதழ் அது. அதே குடும்பத்துப் பெண்பிள்ளைக்கு அந்தச் சான்றிதழ் ஏன் கிடைக்கவில்லை என்பதை நாம் பல காலம் கேட்கவே இல்லை.

போர் திறந்த பட்டறை

இந்தியாவில் அரசு நடத்திய பெருந்திரள் தொழிற்பயிற்சிக்கு இரண்டாம் உலகப்போர்தான் தொடக்கம். போர்த் தளவாடங்களுக்குக் கைதேர்ந்த தொழிலாளர்கள் தேவைப்பட, 1940இல் தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. 1941 முதல் இந்தியத் தொழிலாளர்கள் சிறு குழுக்களாகப் பிரிட்டனுக்கும் அனுப்பப்பட்டார்கள். பிரிட்டனின் தொழிலாளர் துறை அமைச்சர் எர்னஸ்ட் பெவின் பெயரால் அது பெவின் பயிற்சித் திட்டம் எனப்பட்டது. போனவர்கள் ஆண்கள்.

அவர்கள் போய் இறங்கிய நாட்டில் அப்போது நடந்ததைக் கவனிக்க வேண்டும். 1941 டிசம்பரில் பிரிட்டன் 20 முதல் 30 வயது வரையிலான மணமாகாத பெண்களைக் கட்டாயப் பணிக்கு அழைக்கச் சட்டம் இயற்றியது. அரசுப் பயிற்சி மையங்களில் பெண்கள் லேத்தும் மில்லிங் இயந்திரமும் ஓட்டக் கற்றார்கள். 1851இல் வேர்விட்ட பொறியியல் தொழிலாளர் சங்கம் தொண்ணூறு ஆண்டுகள் பெண்களுக்குக் கதவடைத்திருந்தது. 1943 ஜனவரி 1 முதல் அவர்களை உறுப்பினராக்கிக்கொண்டது. பெண்ணுடல் இயந்திரத்துக்கு ஒவ்வாது என்று சொல்லிவந்த நாடு, தேவை வந்ததும் ஒரே ஆண்டில் அதை மறந்தது.

ஆனால் அங்கேயும் பயிற்சி முழுமையாகத் தரப்படவில்லை. ஓர் ஆண் பல ஆண்டுகள் தொழில்பழகுநராக இருந்து கற்ற வேலையைச் சிறு சிறு துண்டுகளாக உடைத்து, ஒரு துண்டை மட்டும் சில வாரங்களில் பெண்ணுக்குச் சொல்லித்தந்தார்கள். முதல் உலகப்போரின்போதே இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். தமிழில் சொன்னால் ‘நீர்க்கச் செய்தல்’. பாலில் தண்ணீர் கலப்பதுபோல, தொழிலில் பெண் கலந்தாள் என்பது அதன் பொருள். 1940ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, ஆண் செய்த வேலையை ஏற்கும் பெண்ணுக்கு 32 வாரங்களுக்குப் பிறகு முழுச் சம்பளம் தர வேண்டும். ஆனால் அவள் கூடுதல் மேற்பார்வையோ உதவியோ இன்றி அதைச் செய்ய வேண்டும் என்று ஒரு நிபந்தனை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு முழுச் சம்பளத்தை மறுத்த முதலாளிகள் பலர். 1943இல் கிளாஸ்கோ அருகே ஹில்லிங்டனில் இருந்த ரோல்ஸ் ராய்ஸ் ஆலையில் பெண்களின் சம்பளத்துக்காக ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

முதல் போர் முடிந்ததும் 1919இல் ஒரு சட்டம் வந்திருந்தது. போருக்கு முந்தைய வழக்கங்களை மீட்டெடுப்பது அதன் நோக்கம். நடைமுறையில் அது பெண்களைப் பட்டறையிலிருந்து வெளியே அனுப்பியது. அதே 1919இல்தான் அங்கே பெண் பொறியாளர் சங்கமும் பிறந்தது.

இந்தியாவிலோ வேறொரு கதை. நிலக்கரிச் சுரங்கத்தின் அடியில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்ற தடையைப் போர்க்காலத்தில், 1943இல், ஆங்கில அரசு தளர்த்தியது. 1946இல் தடை திரும்ப வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பெண்கள் இருட்டில் இறங்கிக் கரி சுமந்தார்கள். அதாவது, பிரிட்டனின் பெண்ணுக்கு லேத். இந்தியாவின் பெண்ணுக்குக் கரிக்கூடை. பெண்ணின் உடல்வலு பற்றி அந்த அரசுக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. அவளுக்குக் கற்றுத்தருவதுதான் வீண்செலவாகத் தெரிந்தது.

ஒரே கிண்டியில் இரண்டு கதவுகள்

போர் முடிந்ததும், ராணுவத்திலிருந்து திரும்பியவர்களை மறுபடி குடியமர்த்த 1945இல் ஓர் இயக்ககம் அமைந்தது. பயிற்சி முதலில் முன்னாள் படைவீரர்களுக்கு, பிறகு பிரிவினையில் இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கு, கடைசியில் பொதுமக்களுக்கு என்று விரிந்தது. 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் முறையாகத் தொடங்கியது. 1956இல் நிலையங்களின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது. படைவீரனுக்காகத் தைத்த சட்டையைப் பொதுமக்களுக்கு மாட்டிவிட்டதுபோலத்தான் இது. ‘பொதுமக்கள்’ என்றபோதும் சட்டையின் அளவு மாறவில்லை.

இதே காலத்தில் சென்னைக் கிண்டியில் நடந்த ஒன்றைச் சேர்த்துப் படிக்கலாம். இளம் விதவையும் ஒரு பெண்குழந்தையின் தாயுமான ஏ. லலிதா, 1940இல் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்து, 1943இல் மின்பொறியியல் பட்டம் பெற்றார். பி.கே. திரேசியாவும் லீலம்மா ஜார்ஜும் அவரைத் தொடர்ந்து வந்தார்கள். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்கள் இவர்கள். லலிதாவின் தந்தை அதே கல்லூரியில் பேராசிரியர். மகளுக்காகக் கல்லூரி முதல்வரிடம் பேச அவரால் முடிந்தது. லலிதாவின் துணிவை இது குறைக்காது. விதவைக்கு மூலையை ஒதுக்கிய சமூகத்தில் அவர் படித்து வந்த தூரம் பெரிது.

நாம் கேட்க வேண்டியது இது: பேராசிரியரின் மகளுக்குப் பட்டத்தின் கதவு 1940இல் திறந்ததென்றால், கூலிக்காரரின் மகளுக்குப் பட்டறையின் கதவு எப்போது திறந்தது? அவளுக்காக எந்த முதல்வரிடம் யார் போய்ப் பேசுவது? பெண்கல்வியின் வரலாற்றை முதல் மருத்துவர், முதல் பொறியாளர், முதல் நீதிபதி என்று எழுதிப் பழகிவிட்டோம். முதல் ஃபிட்டர் யார் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. வரைபடம் வரையும் பெண்ணைச் சமூகம் வியந்தது. கையில் கிரீஸ் ஒட்டிய பெண்ணைக் கற்பனை செய்யவும் அது தயாராக இல்லை. சாதியும் ஆணாதிக்கமும் கைகோத்து நிற்கும் இடம் இது.

சட்டம் சொன்ன உடல்

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தொழிலாளர்களுக்குப் பல நன்மைகளைத் தந்த சட்டம். அதன் 22ஆம் பிரிவு, இயந்திரத்தின் விசைப்பகுதிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது அவற்றைத் துடைக்கவோ, எண்ணெயிடவோ, சரிசெய்யவோ பெண்ணையும் இளஞ்சிறாரையும் அனுமதிக்கக் கூடாது என்றது. வளர்ந்த பெண்ணும் வளராத பிள்ளையும் சட்டத்தின் கண்ணில் ஒரே வரியில் நின்றார்கள். 66ஆம் பிரிவு, காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை மட்டுமே பெண்ணுக்கு வேலை என்றது.

பாதுகாப்புதானே என்று தோன்றும். ஓடும் இயந்திரம் ஆணின் கையையும் நசுக்கும். அவனுக்கும் அந்தப் பாதுகாப்பைத் தந்திருக்கலாம். இயந்திரத்துக்கு நல்ல மூடி போடுவது ஒரு வழி, பெண்ணை விலக்குவது இன்னொரு வழி. சட்டம் இரண்டையும் எழுதியது; முதலாளிக்கு இரண்டாவது மலிவாக இருந்தது. பழுது பார்ப்பதும் பராமரிப்பதும்தான் ஃபிட்டரின் பிழைப்பு. மூன்று ஷிப்ட் ஓடும் ஆலையில் இரவு வர முடியாத டர்னரை யார் எடுப்பார்கள்? வேலை கிடைக்காது என்பதால் பெண்ணைப் பயிற்சியில் சேர்க்கவில்லை. பயிற்சி பெற்ற பெண் இல்லை என்பதால் வேலைக்கு எடுக்கவில்லை. ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நின்ற இரண்டு பொய்கள் இவை. 66ஆம் பிரிவின் இரவுப்பணித் தடை அரசமைப்புக்கு முரணானது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னபோது ஆண்டு 2000 ஆகியிருந்தது.

உடல்வலு என்ற வாதத்தையும் பட்டறைக்குள் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்க்கலாம். ஃபிட்டர் பிரிவின் தொடக்கப் பாடம் அராவுதல். ஓர் இரும்புத் துண்டை வைஸில் பிடித்து, அரத்தால் அராவி, ஒரு பக்கத்தைத் தட்டையாக்க வேண்டும். பிறகு மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்க்க வேண்டும். இடையில் கீற்றாக ஒளி கசிந்தால் வேலை முடியவில்லை என்று பொருள். திரும்ப அராவ வேண்டும். வேண்டியது நிதானம், கண், ஒரே சீராக முன்னும் பின்னும் போகும் கை. வைஸின் வாய் வேலை செய்பவரின் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பட்டறை விதி. உயரம் குறைந்தவர் காலுக்குக் கீழே ஒரு மரப்பலகை போட்டுக்கொள்ளலாம். ஒரு பலகையில் தீரும் விஷயத்தை இயற்கையின் தீர்ப்புபோலப் பேசிவந்திருக்கிறோம்.

பெண்களுக்கு என்று ஒதுக்கிய தொழில்கள்

இந்தியப் பெண்களின் நிலை குறித்த குழு 1974இல் தன் அறிக்கையைத் தந்தது. மூன்றாண்டுகளில், 1977இல், பெண்களுக்கான தொழிற்பயிற்சிக்கென்று தனி அமைப்பு உருவானது. தில்லி, மும்பை, பெங்களூரு நகரங்களில் மத்திய நிறுவனங்கள் வந்தன. மாநிலங்களிலும் மகளிர் தொழிற்பயிற்சி நிலையங்கள் பெருகின. தமிழ்நாட்டில் கிண்டி தொடங்கிப் பல ஊர்களில் அவை இயங்குகின்றன.

தனி நிலையம் பல வீடுகளின் அச்சத்தைப் போக்கியது. மகளைப் படியிறக்கி அனுப்ப வைத்தது. அந்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் உள்ளே நெடுங்காலம் இருந்தவை தையல், எம்பிராய்டரி, சுருக்கெழுத்து, அழகுக்கலை. தையல் ஓராண்டு, ஃபிட்டர் இரண்டாண்டு. காலத்தைவிடப் பெரிய வேறுபாடு படிப்பு முடிந்த பிறகு வருகிறது. ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் சான்றிதழுக்கு ரயில்வேயில் டெக்னீஷியன் பணி உண்டு, பெல் நிறுவனத்தில் தொழில்பழகுநர் பயிற்சி உண்டு. ரயில் எஞ்சினின் உதவி ஓட்டுநர் பணிக்கு விண்ணப்பிக்கவும் ஃபிட்டர் சான்றிதழ் போதும். தையல் சான்றிதழுக்கு இருந்தது வீட்டுத் திண்ணையில் ஒரு மெஷின். அதற்குச் ‘சுயதொழில்’ என்று பெயர். ஆணுக்குத் தொழிற்பயிற்சி அவனைத் தெருவுக்கும் நகரத்துக்கும் கொண்டுபோனது. பெண்ணுக்கு அதே சொல் அவளைத் திரும்ப வீட்டுக்குள் உட்காரவைத்தது.

பயிற்சி என்ற பெயரில்

இனி இந்த வரலாற்றின் கசப்பான பகுதி. 1961இல் தொழில்பழகுநர் சட்டம் வந்தது. அதன் 18ஆம் பிரிவு, தொழில்பழகுநர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்லர் என்று வரையறுத்தது. கற்கும் காலத்தில் சம்பளத்துக்குப் பதில் உதவித்தொகை. முடிவில் நாடெங்கும் செல்லும் சான்றிதழ். ஃபிட்டர் பையனுக்கு இந்தப் பண்டமாற்று ஓரளவு நியாயமாகவே நடந்தது.

அதே ‘அப்ரண்டிஸ்’ என்ற சொல், 1990களிலிருந்து கோவை, ஈரோடு, திண்டுக்கல், விருதுநகர் வட்டாரங்களின் நூற்பாலைகளில் இளம்பெண்கள்மேல் வேறு விதமாக விழுந்தது. சுமங்கலித் திட்டம் என்று பெயர். மூன்றாண்டு ஆலை விடுதியில் தங்கி வேலை செய்ய வேண்டும். முடிவில் மொத்தமாக ஒரு தொகை, திருமணச் செலவுக்கு. இடையில் உடல்நலம் குன்றி வெளியேறினால் அந்தத் தொகை கிடைக்காமல் போவதும் உண்டு. சில மாதங்களில் கற்றுவிடக்கூடிய வேலைக்கு மூன்றாண்டுப் ‘பயிற்சி’. முடிவில் சான்றிதழ் இல்லை. 2008இல் தமிழ்நாடு அரசு நூற்பாலைப் பழகுநர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியை அறிவிக்க வேண்டிவந்தது என்பதே நிலைமையைச் சொல்லும்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொழில் இருந்த பயிற்சியில் பெண் இல்லை. பெண் இருந்த பயிற்சியில் தொழில் இல்லை. அண்ணன் இரண்டாண்டு முடிவில் சான்றிதழோடு வந்தான். தங்கை மூன்றாண்டு முடிவில் தாலிக்கான தொகையோடு வந்தாள். சான்றிதழ் அண்ணனிடம் வாழ்நாள் முழுக்க இருந்தது. தொகை ஒரே நாளில் செலவானது, அதுவும் அவளை இன்னொரு வீட்டுக்கு அனுப்புவதற்காக.

இப்போது

இந்தியாவின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். நூற்பாலையும் ஆயத்த ஆடையும் தாண்டி, ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் கைப்பேசி, மின்னணுப் பொருள், வாகன உதிரிபாகம் செய்யும் வரிசைகளில் இளம்பெண்கள் நிற்கிறார்கள். போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021இல் ஓலா நிறுவனம் அறிவித்தபோது நாம் மகிழ்ந்தோம். மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியும் வேண்டும். அந்த வரிசையில் நிற்பவள் ஒரே ஒரு திருகை நாள் முழுக்க முடுக்குகிறாளா, அல்லது இயந்திரம் நின்றால் அதைத் திறந்து பார்க்க அவளுக்குத் தெரியுமா? தொழிலைத் துண்டாக்கி ஒரு துண்டை மட்டும் பெண்ணிடம் தரும் போர்க்கால பிரிட்டனின் உத்திக்குத் தேவை இன்னும் தீர்ந்துவிடவில்லை.

அரசு நிலையங்களிலும் மாற்றம் வந்திருக்கிறது. டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களைத் தமிழ்நாடு அரசு புதுப்பித்தது. ரோபோ, கணினியால் இயங்கும் சி.என்.சி. இயந்திரங்கள், மின்வாகனப் பழுதுபார்ப்பு எனப் புதிய பிரிவுகள் வந்துள்ளன. 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பு முதல் படித்த மாணவி ஐ.டி.ஐ.யில் சேர்ந்தாலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. கல்லூரிக்குத்தான் அந்தப் பணம் என்று நினைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம்.

என் தமிழ் இலக்கிய வகுப்பில் வந்து அமரும் மாணவிகளில் சிலருக்கு இலக்கியத்தின்மேல் காதல் உண்டு. வேறு சிலர், பக்கத்தில் இருக்கிற கல்லூரி, பெண்ணுக்கு ஏற்ற படிப்பு என்று வீட்டார் சேர்த்துவிட்டு வந்தவர்கள். அவர்களுடைய அண்ணன் தம்பிகளில் ஐ.டி.ஐ. போனவர்கள் உண்டு. ‘நீ ஏன் போகவில்லை’ என்ற கேள்வி அவர்களிடம் யாராலும் கேட்கப்பட்டதில்லை. ஒரு பெண் தேர்ந்தெடுக்கவில்லை என்று சொல்வதற்கு முன், தேர்வுப் பட்டியல் அவள் கண்ணில் காட்டப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கும், தங்கையோ மகளோ உள்ள பெண்களுக்கும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு யாராவது ‘பயிற்சி’ என்று சொல்லிக்கொண்டு வந்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். எத்தனை மாதம்? முடிவில் தேசிய அளவில் செல்லும் சான்றிதழ் உண்டா? அந்தச் சான்றிதழில் தொழிலின் பெயர் எழுதியிருக்குமா? பாதியில் நின்றால் உழைத்த காலத்துக்கான பணம் கைக்கு வருமா? பதில் மழுப்பலாக இருந்தால் அது பயிற்சி இல்லை, மலிவுக்கூலி.

கடைசியாக ஒரு தகவல். தமிழ்நாட்டு ஐ.டி.ஐ. சேர்க்கை அறிவிப்பில் ஆண்களுக்கு வயது 14 முதல் 40 வரை என்று போட்டிருக்கும். பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்று, கல்யாணமாகி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் நாற்பத்தைந்து வயதுப் பெண் அடுத்த சேர்க்கையில் ஃபிட்டர் பிரிவுக்கு விண்ணப்பம் போடலாம். இந்த ஒரு வரியை எழுதி வைத்தவர்கள் யாரோ, அவர்களுக்கு நன்றி. அந்த வரி இருப்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும்.